தலைமடை ஓட்டல்

முதலாளி என்னிடம் ஒப்படைத்த வேலை ஒன்றே ஒன்றுதான். லண்டன் மாநகரத்தில், ஆற்றங்கரையில், ராஜாக்கள் இறங்கக்கூடிய ஓர் ஓட்டலை நான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். கோயமுத்தூர் அவினாசி ரோட்டில், பஞ்சுத் தூசி படிந்த ஓர் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தபடியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

"ஓட்டல் மட்டும் நல்லபடியா அமைச்சுக் குடுத்துப்போடுங்க பி.ஏ. அப்பறம் இங்கிலீசுப் பேச்சுத்தொணைக்கு நீங்களும் எங்ககூடச் சீமைக்கு வாரீங்க. கப்பலுக்கு மூணு சீட்டாவே எழுதிப்போடலாம்."

அந்த மில்லில் எல்லோரும் என்னை பி.ஏ. என்றுதான் கூப்பிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அது ஒரு பட்டம் மட்டுமல்ல, பெயராகவும் செல்லுபடியாகும். எனக்கு இருபத்து மூன்று வயது. பெருந்துறைக்குத் தெற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்து, சென்னையில் போய் இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு, நூற்பு மில்லில் கடிதம் எழுதுபவனாகச் சேர்ந்திருந்தேன். கல்லூரிப் புத்தகங்களின் உபயத்தில் லண்டனின் தெருக்கள் எனக்குக் கோயமுத்தூர்த் தெருக்களைவிட நன்றாகத் தெரியும். அந்த ஊரைக் கண்ணால் பார்க்காமல் போனால் நான் படித்ததெல்லாம் செவிவழிச் செய்தியாகவே நின்றுவிடும் என்று ஒரு பயம் இருந்தது. ஆகவே அந்த ஓட்டலை நான் எவ்வளவு சிரத்தையோடு தேட ஆரம்பித்திருப்பேன் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். சிரத்தைதான் என்னைக் கவிழ்த்தது. அது பிறகு.

மில்லுக்கு இரண்டு பங்காளிகள், ஆளுக்குப் பாதி. ஒருவர் முதலாளி. மற்றவர் அவர் மனைவியின் அண்ணன். முதலாளி அவரை மச்சான் என்பார். அவர் முதலாளியை மாப்ள என்பார். நானும் மனதுக்குள் அவரை மச்சான் என்றே வைத்துக்கொண்டேன். இருவருக்கும் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் நெல்லும் வாழையும் விளையும் வாய்க்கால் பாசன நிலம். பைக்காரா மின்சாரம் வந்ததும் இருவரும் சேர்ந்து மில் வைத்தார்கள். அது ஓடத் தொடங்கியதும் இன்னொரு பிரிவு வைக்க ஆசை வந்தது. அதற்கு நூல் நூற்கும் கதிர்கள் வாங்க நேரில் இங்கிலாந்து போவது என்று முடிவாயிற்று.

ஓட்டல் ராஜாக்களுடையதாக இருக்க வேண்டியதற்கும், ஆற்றங்கரையில் இருக்க வேண்டியதற்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. முதல் காரணத்தைச் சொன்னவர் பம்பாயில் இருந்த மெஷின் ஏஜெண்டு. வெள்ளைக்காரன் நம் முகத்தைப் பார்த்து மரியாதை தரமாட்டான், நாம் கடிதம் எழுதும் காகிதத்தின் தலைப்பில் எந்த ஓட்டலின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துத்தான் தருவான் என்று அவர் எழுதியிருந்தார். இரண்டாவது காரணம் முதலாளியே. ஓடுகிற தண்ணீரைப் பார்க்காமல் அவருக்குக் காலையில் வயிறு இளகாது. மில் பங்களாவில்கூட, நொய்யல் வறண்டு கிடப்பதால், ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்டு வாய்க்கால் கட்டி அதில் கிணற்றுத் தண்ணீரை ஓடவிட்டிருந்தார்.

நான் முறைப்படி ஆரம்பித்தேன். முதலில் சென்னையில் ஒரு பிரயாண ஏஜென்சிக்குக் கடிதம். அவர்கள் நான்கு ஓட்டல்களின் படப் புத்தகங்களை அனுப்பினார்கள். ஒன்றில், மொட்டை மாடியில் ஏறினால் ஆறு தெரியும் என்று இருந்தது, தள்ளினேன். இன்னொன்றில் ஆறே இல்லை, ஆற்றின் பெயர் மட்டும் ஓட்டலுக்கு இருந்தது, அதையும் தள்ளினேன். மிச்சம் இரண்டு. ஒன்றின் காகிதத்தில் கோபுரச் சின்னம், மற்றதில் கொடிச் சின்னம். ஆபீஸில் அவற்றுக்குக் கோபுர ஓட்டல், கொடி ஓட்டல் என்றே பெயராகிவிட்டது. இரண்டும் தேம்ஸ் நதியின் ஒரே கரையில், கூப்பிடு தூரத்தில் இருந்தன. இரண்டிலும் ஆற்றைப் பார்த்த அறைகள், அறைக்குள்ளேயே குளியல் தொட்டி, பொத்தானை அமுக்கினால் ஆள். ஒன்பது தலைப்புகளில் ஓர் ஒப்பீட்டுக் குறிப்பு தயாரித்து, கோபுர ஓட்டலைச் சிபாரிசு செய்து, முதலாளியின் மேஜையில் வைத்தேன்.

அவர் குறிப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தில் ஆற்றின் மேல் விரலை வைத்தார்.

"ஏனுங்க பி.ஏ., இதுல தண்ணி எங்கிருந்து எங்கீங்க போகுது?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. அப்புறம் புரிந்தது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இரண்டில் எது தலைமடை?

வாய்க்கால் பாசனம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்க்காலின் மேற்புறம், தண்ணீர் முதலில் பாயும் நிலம் தலைமடை. கடைசியில், மிஞ்சினால் பாயும் நிலம் கடைமடை. முதலாளியின் வயல் தலைமடை. மச்சானின் வயல் அதே வாய்க்காலின் கடைமடை. பெண் கொடுப்பதற்கே இதை விசாரிக்கிற ஊரில், ஓட்டலுக்கு விசாரிக்காமல் விடுவார்களா?

"ஏன் மாப்ள, அங்க போயி நாத்து நடப் போறீங்களா?" என்றார் மச்சான். அவர் எதிர் நாற்காலியில் பாதிக் கண் மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துப் பேசியவர்கள் எல்லாம் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

"நடலீன்னா? இன்னொருத்தன் மூஞ்சி களுவுன தண்ணியில நாம மூஞ்சி களுவோணுமுங்களா?"

"நாங்க முப்பது வருசமா அதைத்தானுங்க களுவறோம். நீங்க களுவி உடறதை."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் மச்சான்? உங்க பாட்டன் அங்க போயி நெலம் வாங்குனா?"

"எங்க பாட்டன் வாங்குறப்ப தண்ணி வந்துச்சு. உங்க பாட்டன் வந்தாரு, நின்னுபோச்சு."

நான் மேஜையில் பென்சில்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஓட்டல் தண்ணீர் குழாயில் வரும், ஆற்றில் யாரும் முகம் கழுவுவதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் செய்தேன். "கொழாய்க்கு எங்கிருந்து வருதுங்க?" என்று முதலாளி கேட்டார். அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை, கடிதம் எழுதினேன். ஐயா, தங்கள் மேன்மைமிக்க நிறுவனம் மேற்படி நதியின் ஓட்டத்தை அனுசரித்து, இன்ன ஓட்டலுக்கு மேற்புறம் உள்ளதா, கீழ்ப்புறம் உள்ளதா என்பதைத் திட்டவட்டமாகத் தெரிவிக்க வேண்டியது. இதே கடிதம், பெயர்களை மாற்றி, இரண்டு ஓட்டலுக்கும்.

பதில் வர ஏழு வாரம். போக மூன்று, வர மூன்று, நடுவில் அவர்கள் திகைத்திருக்க ஒன்று. அந்த வாரங்களில் மூன்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்தேன். நான் யோக்கியன் என்று தாசில்தார் எழுதித் தந்தார். அவர் என்னைப் பார்த்ததே இல்லை என்பதால் மனதாரவே எழுதியிருப்பார். ஒப்பணக்காரத் தெருவில் கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். சித்திரை மாத வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தபோது தையற்காரர் எனக்கு விசிறினார்.

கோபுர ஓட்டலின் பதில் முதலில் வந்தது. நான்கே வரி. ஆம் ஐயா, நாங்கள்தான் மேற்புறம்.

"முடிஞ்சுது," என்றார் முதலாளி. "அங்கயே எளுதிப்போடுங்க. மூணு ரூம்பு."

அந்த மூன்றாவது ரூம்பு என்னுடையது. உடனே எழுதி, சுத்தப் பிரதி எடுத்து, தபாலில் சேர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இரண்டு இடத்துக்கு எழுதிக் கேட்டால் இரண்டு பதிலும் வந்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது எனக்கு அப்போதே ரத்தத்தில் இருந்தது. பிற்காலத்தில் முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் அதைத்தான் செய்து சம்பளம் வாங்கினேன். "கொடி ஓட்டல்காரர் பதிலும் வந்துடட்டுங்க," என்றேன்.

வந்தது. கொடி ஓட்டலின் மானேஜர் கெட்டிக்காரர். தேம்ஸ் நதி ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறி, நாளில் பாதி நேரம் கடலின் ஏற்றத்தால் எதிர்த்திசையில் ஓடும் என்றும், அந்த வேளைகளில் தங்கள் ஓட்டலே மேற்புறம் என்றும், கனவான்கள் தங்கும் மாதத்துக்கான அட்டவணையை இணைத்திருப்பதாகவும், சில நாட்களில் சரியாகக் காலைச் சிற்றுண்டி வேளையில் நதி தங்கள் பக்கமிருந்து புறப்படுவதைத் தெரிவிப்பதில் பெருமை கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

நான் தமிழில் சொல்லி முடித்தபோது, முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் பி.ஏ. மேல் முதல் சந்தேகம் தெரிந்தது.

"ஆறு திரும்பி ஓடுமாமா?"

"ஆமாங்க. கடல் தண்ணி ஏறி வருதுங்க. நிலா இழுக்கறதால."

"நெலா."

"ஆமாங்க."

"ஏனுங்க, நம்ம பவானி மேலயுந்தான் நெலா காயுது. ஒரு நாளாச்சும் திரும்பி ஓடுச்சுங்களா?"

பவானி கடலுக்குப் போவதற்குள் காவிரியாகிவிடுகிறது, கடல் அத்தனை தூரம் ஏறி வர முடியாது என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. எதிர் நாற்காலியில் சத்தம் கேட்டது. மச்சான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கலெக்டர் வந்தபோதுகூட அவர் அத்தனை வேகமாக எழுந்ததில்லை.

"ஆறு மணி நேரம் அவனுக்கு. ஆறு மணி நேரம் இவனுக்கு," என்றார். "மாப்ள, இது முறைத்தண்ணிங்க! வெள்ளைக்காரன் ஆத்துக்கே முறை வெச்சு உடறானுங்க! நெலாவைக் கேட்டு உடட்டும், நட்சத்திரத்தைக் கேட்டு உடட்டும். வாய்க்காத் தண்ணிக்கு நாம இஞ்சினியரைக் கேக்கறதில்லையா? கடைமடைக்காரனுக்கும் ஒரு பொளுது தலைமடை! இது நாயம்!"

"அப்பிடி ஒரு ஆறு ஒலகத்துல இருக்கக் கூடாதுங்க மச்சான்."

"இருக்குதே! பி.ஏ. கையில காகிதமே இருக்குதே!"

நிலாவைப் பற்றி இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தேன். மூன்றாவது ரூம்பு ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டேன். லண்டன் போக ஆசைப்படுகிறவன், லண்டன் போகப் பணம் கட்டுகிறவர்களோடு வான சாஸ்திரம் வாதாட மாட்டான்.

அன்றே மச்சான் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கோபுர ஓட்டலில் இறங்கட்டும். தான் கொடி ஓட்டல். பிறந்ததிலிருந்து கடைமடையில் இருந்தாயிற்று, மூன்று வாரமாவது, அதில் பாதி நேரமாவது, தன் பக்கத்திலிருந்து தண்ணீர் மாப்பிள்ளை பக்கம் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதலாளி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மில்லில் பாதி மச்சானுடையது என்பதால் எட்டாம் நாள் பேசினார்.

"சேரி. ஆனா எப்ப யாரு மேலன்னு பட்டியல் வேணும். அங்க போயி வாய்ச்சண்டை போட முடியாது. பி.ஏ., ஒரு முறைப்பட்டியல் போட்டுப்போடுங்க."

போட்டேன். இப்போது நினைத்தாலும் கை குறுகுறுக்கிறது. அவ்வளவு அழகான பட்டியல். இருபத்தொரு நாள். ஒவ்வொரு நாளும் நதி திரும்பும் நேரம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அதற்குத் தனிக் கட்டம். கோபுரம் தலைமடையாக இருக்கும் வேளை நீல மையில், கொடி தலைமடையாக இருக்கும் வேளை சிவப்பு மையில். அடியில், அட்டவணையுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்று எழுதி, என் முழுக் கையெழுத்து.

இருவரும் பட்டியலை நடுவில் விரித்து அரை நாள் உட்கார்ந்தார்கள்.

"அஞ்சாம் நாள் காலையில எட்டு மணிக்குச் செவப்பா இருக்குதே. எனக்குக் குளிக்கிற நேரமுங்க அது."

"ஏனுங் மாப்ள, அன்னைக்கு ஒரு நாளைக்கு நான் களுவுனதுல குளிச்சாத் தோலு உரிஞ்சுபோகுமா?"

"பி.ஏ., இந்த ஒரு கட்டத்தை மாத்த முடியாதுங்களா?"

"முடியாதுங்க. நிலா."

"சாவி யாருகிட்ட இருக்குதுன்னு கேட்டு, ஒரு லெட்டர் போட்டுப் பாத்தா?"

"சாவி இல்லீங்க."

மச்சானுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. மடைக்குப் பூட்டும் சாவியும் வந்த நாளிலிருந்துதான் தன் வயல் காய ஆரம்பித்தது என்றார். கடைசியில் கூட்டிப் பார்த்ததில் நீலமும் சிவப்பும் ஏறத்தாழச் சரிசமமாக நின்றன. "முறை நாயமாத்தான் இருக்குது," என்று முதலாளியே ஒப்புக்கொண்டார். ஓட்டல் விஷயம் முடிந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"என் ரூம்பு எந்த ஓட்டல்லீங்க எழுதட்டும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதத்தில் அவர்கள் கருத்து ஒன்றுபட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"அதெப்பிடீங்க?" என்றார் முதலாளி. "முறை போட்டவரு நீங்க."

"ஆமாங்க."

"முறை போட்டவரு ரெண்டு பக்கமும் கை நனைக்கப்படாதுங்களே."

எனக்கு இது தெரியாது. வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு முறையும் கிடையாது, முறைக்குச் சட்டமும் கிடையாது. மழை பெய்தால் எல்லோருக்கும் பெய்யும். வாய்க்கால் ஊர்களில், கோடையில் முறைத்தண்ணீர்ப் பட்டியல் போடுவதற்குப் பொதுவான ஓர் ஆளை வைப்பார்களாம். அந்த முறை முடிகிறவரைக்கும் அவர் தலைமடைக்காரர் வீட்டிலும் சாப்பிடக் கூடாது, கடைமடைக்காரர் வீட்டிலும் சாப்பிடக் கூடாது. ஒரு டம்ளர் மோர் குடித்தால்கூடப் பட்டியல் கெட்டது என்று அர்த்தம்.

"நீங்க எங்கூட கோபுரத்துல இருந்தா, செவப்பு நேரத்தைச் சுருக்கிப்போட்டீங்கன்னு மச்சான் சொல்லுவாரு."

"சொல்லுவேன்," என்றார் மச்சான்.

"அவருகூட இருந்தா நான் சொல்லுவேன்."

பட்டியலைக் கிழித்துவிட்டு வேறு யாரையாவது போடச் சொல்லலாம் என்றேன். பாயத் தொடங்கிய பிறகு முறையைக் கிழித்தால் யாரோ ஒருவர் வயல் காயும் என்றார்கள். இன்னும் பாயத் தொடங்கவில்லையே என்றேன். கையெழுத்து விழுந்த நேரத்திலிருந்து பாய்ச்சல்தான் என்றார்கள். எந்த விதிக்கும் ஒரு விலக்கு இருக்கும் என்று நம்பிய நான், அன்றிரவெல்லாம் யோசித்து, மறுநாள் ஒரு குறிப்போடு போனேன். மேற்படி விதி இரு தரப்பாரின் கூரையின் கீழ் உண்பதையே தடுக்கிறது. ஆகவே பட்டியல் போட்டவர் ஆற்றை விட்டு ஒரு மைல் தள்ளி, ஆறே தெரியாத மூன்றாவது ஓட்டல் ஒன்றில், சாதாரண அறையில் தங்கலாம். ராஜாக்கள் வேண்டியதில்லை. ஜன்னல்கூட வேண்டியதில்லை.

முதலாளி முகம் இளகியது. "அது செரிதானுங்களே மச்சான்? பையன் நெம்ப ஆசைப்படறான்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நான் நினைத்தேன்.

"அந்த மூணாவது ஓட்டலுக்குத் தண்ணி எங்கிருந்துங்க பி.ஏ. வரும்?"

பொய் சொல்லியிருக்கலாம். கிணறு என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான் படித்தவன். லண்டனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும்.

"பெரும்பாலும் அதே ஆத்துல இருந்துதானுங்க."

"அப்பக் கை நனைஞ்சுபோகுமேங்க," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

பேச்சுத்துணைக்கு மெஷின் கம்பெனியே ஓர் ஆளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டது. போத்தனூர் ஜங்ஷனில் நான் இருவரையும் ரயிலேற்றினேன். என் கம்பளிக் கோட்டு மச்சானுக்குச் சற்று இறுக்கமாக இருந்தாலும் பொருந்தியது. பட்டியலின் இரண்டு பிரதிகளையும் உறையிலிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார்கள். "பத்திரமா இருங்க பி.ஏ. யாரு ஊட்லயும் சாப்புட்டுப்போடாதீங்க," என்று மச்சான் சொன்னபோது வண்டி நகர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள், கோபுரத் தலைப்பில் ஒன்று, கொடித் தலைப்பில் ஒன்று. மச்சான், ஆறு தம் பக்கமிருந்து மாப்பிள்ளை பக்கம் போவதைத் தினமும் ஜன்னலில் நாற்காலி போட்டுப் பார்ப்பதாகவும், பட்டணத்தில் வேறு எதையும் பார்க்க நேரமில்லை என்றும், அதனால் ஒன்றும் குறைவில்லை என்றும் எழுதியிருந்தார். முதலாளியின் கடிதம் புகார். ஒன்பதாம் நாள் பட்டியலில் கண்ட நேரத்துக்கு நீலம் ஆரம்பிக்கவில்லை. இருபது நிமிஷம் தாமதம். அந்த இருபது நிமிஷம் யாருடையது என்று மச்சானோடு தகராறு. எழுத்து மூலம் விளக்கம் தேவை.

நான் அட்டவணையை எடுத்து, அடிக்குறிப்பைப் படித்து, பதில் வரைந்தேன். கடற்காற்று பலமாக இருந்தால் நதி திரும்பத் தாமதமாகும். திரும்புவதற்கு முன் சற்று நேரம் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் அப்படியே நிற்கும். ஆகவே குறிப்பிட்ட இருபது நிமிஷத்தில் தலைமடையும் இல்லை, கடைமடையும் இல்லை, அது பொது.

சுத்தப் பிரதி எடுத்துக் கையெழுத்திட்டேன். இந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் ஊருக்கே திரும்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் புகாருக்குப் பதில் அனுப்புவதுதான் முறை. அனுப்பிவிட்டு, ஒரு பெரிய பட்டணத்தின் நடுவில் நிற்கிற ஆறு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு கிழவர்கள், இரண்டு ஜன்னலில், கையில் கடிகாரத்தோடு. அந்த இருபது நிமிஷத்துக்காவது என்னைக் கூட்டிப்போயிருக்கலாம்.